ஊறுகாய்க்கு ஒதுக்கிய இடம்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ஊறுகாய் பரிமாறும் காட்சியை நீக்குவதில்லை என்ற முடிவை எடுத்தேன். ஆலோசனையில் கலந்துகொண்டவர்கள் நானும் உன் கம்ப்யூட்டரும்தான். முடிவு ஏகமனதானது என்று சொல்ல முடியாது. இடம் போதாது என்று கம்ப்யூட்டர் கடைசிவரை சிவப்பு எழுத்தில் ஆட்சேபித்துக்கொண்டே இருந்தது. ஆட்சேபத்தைக் கவனத்தில் கொண்டதாக அதனிடம் தெரிவித்துவிட்டு, டிஸ்க்கின் மேல் பெயர் எழுதுவதற்காக உன் மேஜை இழுப்பறையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்தேன்.

அந்த ஸ்பிரிட் வாசனைக்கு நான் தயாராக இருக்கவில்லை. மார்க்கர் காய்ந்துவிட்டதா என்று நீ எப்போதும் மூக்கால்தான் பரிசோதிப்பாய். முகூர்த்த மாதங்களில் உன் மூக்கு நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி நிரந்தரமாக இருக்கும். பெண்ணைப் பெற்றவர்கள் அதைத் திருஷ்டிப் பொட்டு என்று எடுத்துக்கொண்டு, நாகரிகமாக ஒன்றும் கேட்காமல் போவார்கள். செவ்வாய்க்கிழமை நானும் முகர்ந்து பார்த்தேன். காயவில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தபோது என் மூக்கிலும் புள்ளி இருந்தது.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. மேனாம்பேட்டில் பாதி வீடுகளின் கல்யாணத்தை வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி மிக்சிங் செய்து, டிஸ்க்காகக் கையில் கொடுத்தவன் நீ. உன்னுடைய அறுபதாம் கல்யாணத்தை மட்டும் எடுத்தது எடுத்தபடி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைத்திருந்தாய். எப்போது கேட்டாலும் ஒரே பதில்.

"கஸ்டமர் வேல மொதல்ல முடியட்டும் வாத்யாரே. நான் எங்க ஓடிப்போவப் போறேன்?"

நான் வாத்தியார் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்து, அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். இடையில் சிறு பத்திரிகைகளுக்கு நையாண்டிக் கட்டுரைகள் எழுதுகிறவன். பேனா பிடிக்கிற எவனும் உனக்கு வாத்தியார்தான். ஜோசியரும், லாரிக்குப் பின்னால் பெயர் எழுதுகிறவரும் அந்தப் பட்டத்தை என்னோடு பகிர்ந்துகொண்டார்கள்.

காரியங்கள் முடிந்த சில வாரத்தில் மல்லிகா கீழ் வீட்டிலிருந்து மாடியில் உன் மிக்சிங் ரூமுக்கு ஏறி வந்தாள். நான் அங்கே உட்கார்ந்து, வாடிக்கையாளர்களின் பாக்கி வேலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலைதோறும் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நீ எதை அழுத்துகிறாய் என்று வேடிக்கை பார்த்தவன் என்பது மட்டுமே என் தகுதி. உன் மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது.

"ண்ணா, எங்க அறுவதாங் கல்யாணத்த எனுக்கு ஒரு சிடி போட்டுக் குடுங்க. எத்தையும் வெட்டாதீங்க."

"எட்டு மணி நேரம் ஓடும்மா. ரெண்டு டிஸ்க்கா போட்டுத் தரேன். படம் பளிச்சுன்னு இருக்கும்."

"ரெண்டு வேணாம்."

"ஏம்மா?"

"ரெண்டாவுது போடணும்னா நான் எந்திரிக்கணும். எந்திரிச்சு, அத்த உருவி, இத்த சொருவறதுக்குள்ள அவரு இல்லன்னு ஞாவகம் வந்துரும். ஒன்னா குடுங்கண்ணா."

ஒரு டிஸ்க், எட்டு மணி நேரம், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. இவ்வளவு தெளிவான வேலை உத்தரவு எனக்குத் தொழிற்சாலையில்கூட வந்ததில்லை.

உன் மகன் கார்த்திக் அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தான். ஐடி கம்பெனி, புது ஃப்ளாட், கொஞ்சம் தொப்பை. நல்ல பையன். அம்மா பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம் மேல்முறையீடு செய்தான்.

"அங்கிள், நீங்களாவது சொல்லுங்க. எட்டு மணி நேரம் யாரு பாப்பா? மூணு நிமிஷம் ஹைலைட்ஸ் பண்ணி, பின்னாடி ஒரு மியூசிக் போட்டு, வாட்ஸ்அப்ல விட்டா எல்லாரும் பாத்துருவாங்க."

"அம்மா முழுசா கேக்கறாங்களே."

"அம்மாக்கு பென் டிரைவ்ல ஃபுல்லா போட்டு டிவில சொருகிடலாம். இந்தக் காலத்துல யாரு அங்கிள் டிஸ்க் போடறா?"

"பென் டிரைவா?" என்றாள் மல்லிகா. "போன தபா கொலசாமி கோயில் வீடியோவ அதுல தான வெச்ச? உம் புள்ள அத்த அழிச்சிட்டு பொம்மப் படம் ஏத்திக்கினு பூட்டான். சாமிய காணோம், எலி ஓடிகினு கீது."

கார்த்திக் ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். வழக்கு தள்ளுபடியானது.

உன் கட்சியும் அதுதான். "டிஸ்க்குல எழுதிட்டா எழுதனதுதான். எவனும் மேல எழுத முடியாது" என்பாய். அரசாங்க ஆணைகளுக்கே அந்தக் கௌரவம் கிடையாது.

புளூரே டிஸ்க்கின் உறையில் இருபத்தைந்து ஜிபி கொள்ளும் என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டருக்குள் வைத்தால் இருபத்து மூன்று சொச்சம் என்று காட்டும். கார்த்திக்கின் ஃப்ளாட்டும் அப்படித்தான். விளம்பரத்தில் ஓர் அளவு, உள்ளே கட்டிலைப் போட்டுப் பார்த்தால் வேறோர் அளவு. இதைவிட இரண்டு மடங்கு கொள்கிற டிஸ்க்கும் உண்டு. ஆனால் உங்கள் வீட்டுப் பிளேயர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு யோசனையில் ஆழ்ந்துவிடும் என்பதை நீ இருக்கும்போதே கண்டுபிடித்து, அதன் பரம்பரையைத் திட்டியிருக்கிறாய். ஆக, இந்தச் சொச்சத்துக்குள்தான் எல்லாவற்றையும் உட்கார வைக்க வேண்டும்.

நீ எனக்கு இதைச் சொன்னவிதம் நினைவிருக்கிறது. டீயை வைத்துவிட்டு, டிஸ்க்கை இலைபோல உள்ளங்கையில் விரித்துப் பிடித்தாய்.

"இது ஒரு டைனிங் ஹாலு வாத்யாரே. எல இவ்ளோதான் போட முடியும். கூட்டம் ஜாஸ்தியா வந்துட்ச்சி. ஒன்னு, ஆள தொரத்தணும். இல்லன்னா எலய சின்னதா நறுக்கணும்."

இலையை நறுக்குவது என்றால், ஒவ்வொரு நொடிப் படத்துக்கும் கொடுக்கிற இடத்தைக் குறைப்பது. குறைத்தால் ஆள் இருப்பார், முகம் மட்டும் கட்டம் கட்டமாக உடையும். மற்ற கடைகளில் எல்லா இலையையும் ஒரே அளவில் நறுக்கிவிடுவார்கள். நீ ஒவ்வொரு காட்சியின் பசியையும் பார்த்து நறுக்கினாய். அசையாமல் நிற்பவனுக்குச் சின்ன இலை போதும். கம்ப்யூட்டர் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த நொடியும் அதே ஆள்தான் என்று விட்டுவிடும். பறப்பதும் வழிவதும் சிதறுவதும்தான் பெரும் பசிக்காரர்கள். தாலி கட்டும்போது அட்சதை பறக்கிறதே, கம்ப்யூட்டருக்கு அதில் ஒவ்வோர் அரிசியும் தனித் தனி விருந்தாளி. கவனிக்காமல் விட்டால் சரியாக மூன்றாவது முடிச்சில் மாப்பிள்ளை சதுரங்களாகப் பிரிந்துபோவார்.

என்னையும் நீ நறுக்கினாய். ஆரம்பத்தில் உன் வீடியோக்களுக்கு வாழ்த்துக் கவிதை எழுதித் தருவது என் பொறுப்பாக இருந்தது. தங்க நிற எழுத்தில் கீழிருந்து மேலே மெதுவாக ஏறும். ஒருநாள் போய்ப் பார்த்தபோது காணவில்லை.

"வாத்யாரே, உன் கவிதய எட்த்துட்டேன்."

"ஏன்டா? எழுத்து எடமே புடிக்காதுன்னு நீதான சொன்ன?"

"எடம் புடிக்கல. நேரம் புடிக்குது. அது ஏறி முடியறதுக்குள்ள நாலு பேரு சாப்ட்டு எந்திரிச்சுடுவாங்க."

"நாலு பேரு சாப்பிடறத யாருடா பாக்கப் போறா?"

நீ சிரிக்கவில்லை. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஒரு வெல்டர் உன்னைத் தேடி வந்து போயிருந்தார்.

பந்தியை வெட்டச் சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. வாயைத் திறந்து சாப்பிடுவது டிவியில் வந்தால் மானக்கேடு என்பது பொதுவான அபிப்பிராயம். அதுவரை நீயும் மறுபேச்சில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தாய். வெல்டர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர், தெற்கத்திக்காரர். நீ எடுத்த ஒரு கல்யாணத்தைச் சொல்லி விசாரித்தார். அவர் வீட்டுக் கல்யாணம் இல்லை. பக்கத்து பிளாக்கில் இருந்தவர் மகளுடையது.

"எம் வீட்டுக்காரி அந்தக் கல்யாணத்துல சாப்பிட்டாளுங்க. மேடைக்கெல்லாம் போகலை. கூச்சப்படுவா. சாப்பிட்டுட்டு அப்படியே வந்துட்டா. போட்டோ எல்லாம் இருக்குங்க. அசையற மாதிரிதான் ஒண்ணுமில்லை."

மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நீ எடுத்த மூலப் பதிவைத் தேடினாய். அந்த ஹார்ட் டிஸ்க்கில் அதை அழித்து வேறு கல்யாணங்களை ஏற்றியிருந்தாய். இருப்பது நறுக்கி முடித்த வீடியோ மட்டும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து முதலிலிருந்து ஓட்டினாய். மண்டப வாசலிலிருந்து மேடைக்குத் திரும்புகிற ஓரிடத்தில் கேமரா பந்தியைக் கடந்து போகிறது. ஓர் இலையின் மேல் ஒரு கை நீள்கிறது. சாதம் போடுகிறவரைப் போதும் என்று தடுக்கிற கை. ஆள் படத்துக்கு வெளியே இருக்கிறார்.

"நிறுத்துங்க. அவதான்."

"கைதான் சார் தெரீது."

"கைதாங்க. எனக்குத் தெரியாதா?"

அந்தச் சில நொடிகளை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி செய்து, இருக்கிறதிலேயே உயர்ந்த தரத்தில், ஒரு முழு டிஸ்க்கில் எழுதிக் கொடுத்தாய். அவர் போன பிறகு நான் கேட்டேன்.

"ஒரு கைக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய டிஸ்க்?"

"அடுத்தவன் ஊட்டு விசேஷத்துல நெருக்கி ஒக்காந்து சாப்ட்ட பொம்பள வாத்யாரே. இதுலயாச்சும் கால நீட்டி ஒக்காரட்டும்."

அதற்குப் பிறகு நீ பந்தியை வெட்டவே இல்லை. வெட்டச் சொன்னவர்களிடம் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, எல்லாம் முடிந்து நன்றி என்று வந்த பிறகு, கடைசியில் கொண்டுபோய் ஒட்டினாய். பெரிய இலையும் அதற்குத்தான் போட்டாய். மணமக்கள் பனிமலையில் கைகோத்துப் போவது, இதயத்துக்குள் முகம் தெரிவது, அன்னப் பறவை இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பந்திக்குக் கொடுத்தாய். ஒருவரும் புகார் சொல்லவில்லை. கடைசி அத்தியாயம்வரை யாரும் போவதில்லை என்பது எழுத்தாளர்களுக்கும் தெரிந்த செய்திதான்.

வருடங்கள் கழித்து, வீட்டில் யாரையாவது இழந்தவர்கள் வந்தார்கள். கையில் ஒரு போட்டோவோடு, கேட்பதற்குச் சங்கடப்பட்டுக்கொண்டு. நீ எந்தக் கல்யாணம் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கடைசிக்குத் தள்ளி ஓட்டுவாய். யாருடைய அப்பாவோ ரசத்தை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருப்பார். நாம் இரண்டு பேரும் எழுந்து வெளியே போய் நிற்போம்.

உன் அறுபதாம் கல்யாணத்துக்கு எல்லோரும் திருக்கடையூர் என்றார்கள். "அவ்ளோ தூரம் போனா எவன் சாப்ட வருவான்?" என்று திருமுல்லைவாயில் கோயில் பக்கத்து மண்டபத்தைப் பிடித்தாய். வீடியோவுக்குத் தொழில் தெரிந்த வேறொருவரை அமர்த்திவிட்டு, அவரை வேலை செய்ய விடவில்லை. ஹோமத்தின் நடுவில் நீ எழுந்து கத்துவது நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

"யோவ், அய்யர இன்னாத்துக்கு எட்த்துகினு கீற? மொத பந்தி ஒக்காந்துட்ச்சி, அங்க போ!"

"கொஞ்சம் ஒக்காருங்கோ, சங்கல்பம் பாதியில நிக்கறது" என்கிறார் அய்யர். மல்லிகா உன் வேட்டி நுனியைப் பிடித்து இழுக்கிறாள். நீ உட்காருகிறாய்.

இதை ஒரு டிஸ்க்கில் அடக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஹோமப் புகை, தலையில் ஊற்றுகிற கலசத் தண்ணீர், அட்சதை. கம்ப்யூட்டருக்கு ஆகாத மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற சடங்கு அறுபதாம் கல்யாணம் ஒன்றுதான். தெரிந்துதான் அந்த வேலையைத் தள்ளிப்போட்டாயோ என்று உன்மேல் சந்தேகம் வந்தது. புகைக்குக் குறைத்தேன், தண்ணீரில் உன் முகம் உடைந்தது. தண்ணீருக்குக் கொடுத்தேன், அட்சதையில் மல்லிகா உடைந்தாள். மேடையில் வரிசையாக வந்து நின்ற சொந்தக்காரர்களிடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிடுங்கினேன். நிற்கிறவர்கள் தாங்கினார்கள். கடைசியில் இடிப்பது ஊறுகாய் மட்டும்தான் என்ற நிலைக்கு வந்தேன்.

"அத விட்டுருங்க அங்கிள், நீளமா போவுது. அம்மாக்குத் தெரியவா போவுது?" என்று முன்பே ஃபோனில் சொல்லியிருந்தான் கார்த்திக்.

நீளம்தான். கடைசிப் பந்தி. ஊறுகாய் வாளியோடு ஒருவர் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து கிளம்புகிறார். உன்னிடம் திட்டு வாங்கிய பயத்தில் கேமராக்காரர் அவரை விடாமல் பின்தொடர்கிறார். ஒவ்வோர் இலையாக, ஒருவரையும் விடாமல். இந்தக் கோடியில் நீயும் மல்லிகாவும் மாலையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உனக்கு பிபி, ஊறுகாய் கூடாது. நீ மல்லிகாவைப் பார்க்கிறாய். அவள் அந்தப் பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். நீ கண்ணைக் காட்டுகிறாய், உன் இலையில் ஊறுகாய் விழுகிறது. மல்லிகா பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் நீட்டி அதை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொள்கிறாள். நீ கேமராவைப் பார்க்கிறாய். கூட்டுச் சதி அம்பலமான மந்திரியின் முகம்.

எட்டு மணி நேரத்தில் நீங்கள் இருவரும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஆகவே இடத்தை வேறெங்காவது தேட வேண்டியிருந்தது. அதிகம் அலையவில்லை. மேடையில் நான் வாசித்த வாழ்த்துரை இருக்கிறது. நீ முன்பு வெட்டிய கவிதைகளுக்கெல்லாம் சேர்த்து அன்று வட்டியோடு வாசித்தேன். பேப்பரைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறேன். உன் விதிப்படி சின்ன இலை. நறுக்க நறுக்க இன்னும் கொஞ்சம் நறுக்க முடிந்தது. ஓட்டிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி இருக்கிறது, உள்ளே கண் இல்லை. சட்டையும் சுவரும் ஒன்றாகிவிட்டன. குரல் மட்டும் பழுதில்லாமல் கேட்கிறது. அது ஒரு குறைதான். ஆனால் சத்தத்தில் கைவைக்கக் கூடாது என்பது உன் கட்டளை. "மூஞ்சி மங்கனா ஜனம் கண்ண கசக்கிக்கும். கொரலு மங்கனா தாங்காது."

அப்போதும் கம்ப்யூட்டர் சிவப்பில் ஏதோ சொன்னது. கூட்டத்தை அத்துடன் முடித்துவைத்தேன். பிறகு அது எட்டு மணி நேரத்தையும் எடுத்துப்போட்டு நறுக்கி, மறுநாள் டிஸ்க்கில் எழுதி வெளியே தள்ளியபோது, விளிம்போரம் ஒரு நூல் அளவுக்கு எழுதாத இடம் மிச்சமிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறித் தெரிந்தது. நீ இருந்திருந்தால் இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்திருப்பாய்.

மார்க்கர் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. மிக்சிங் ரூமைக் காலி செய்யும்போது மற்றதையெல்லாம் கார்த்திக் எடுத்துக்கொள்வான். நீ போன பிறகு, கல்யாணங்களுக்குப் போனால் மேடைக்குப் போகாமல் நேராகப் பந்திக்குப் போகிறேன். வீட்டில் இதை வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறார்கள். எழுதும்போதும், இது நீளமாகப் போகிறதே என்று எந்த வரியின் மேலாவது பேனாவை வைத்தால், அந்தக் கோடியில் யார் இலை இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் என் கட்டுரைகள் முன்போல் இல்லை, இழுக்கின்றன என்கிறார்கள்.

டிஸ்க்கை மல்லிகாவிடம் கொடுத்த மறுநாள், வியாழக்கிழமை மதியம், மாடிச் சாவியைக் கொடுப்பதற்காக உன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. டிவியில் கடைசிப் பந்தி. மல்லிகா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒக்காருங்கண்ணா. ஊறுகா வருது."

உட்கார்ந்தேன். வாளிக்காரர் ஒவ்வோர் இலையாக வந்தார். நீ கண்ணைக் காட்டினாய். மல்லிகாவின் கை நீண்டது. மல்லிகா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மோர் வந்தது, இலைகளை மூடினார்கள், நீ எழுந்து கை கழுவப் போனாய்.

காலையில் விடிந்ததும் போட்டது என்று சொன்னாள். நடுவில் அவள் எழுந்திருக்கவில்லை. அன்று அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை.